பதினொரு அங்குலம்

இவள் நன்றாக அளந்து விடுகிறாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். அளப்பது என் தொழில், அளந்து விடுவது என் வழக்கமில்லை. பதினாறு வருஷமாகப் பழைய கட்டடங்களை அளந்து படம் போட்டுக் கொடுக்கிறேன். சுவர் எத்தனை அடி, விரிசல் எங்கே, சரிவு எவ்வளவு... கண்ணால் பார்த்ததை மட்டும்தான் நோட்டில் எழுதுவேன். ஒரே ஒரு தடவை பார்க்காததை எழுதினேன். அன்றைக்கு நடந்ததைத்தான் இங்கே சொல்கிறேன். ஒரு எழுத்துகூடக் கற்பனை இல்லை.

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. எனக்கு நடந்தது சாயங்காலம். சரியாக நாலு பத்துக்கு ஆரம்பித்து ஐந்து ஐம்பத்தெட்டுக்கு முடிந்தது. அப்போது வெளியே நல்ல வெயில். யாரோ ஒரு பெண் கோவில் சுவரை ஒட்டித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

வேலையைப் பிடித்துக் கொடுத்தது என் அத்தான். அக்கா வீட்டுக்காரர். கட்டட கான்ட்ராக்டர். ஒரு கிராமத்துப் பங்குக் கோவில், நூற்றி முப்பது வருஷம் பழையது. அதன் மணிக்கூண்டு சரிந்திருக்கிறதா இல்லையா என்று அளந்து சொல்ல வேண்டும். சரிந்திருந்தால் கோவிலையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார்கள். கட்டப்போவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் ஏழு மணிக்குப் பங்குப் பேரவை கூடி முடிவெடுக்கும். நிற்பதா இடிவதா என்பது என் நோட்டில் எழுதப்போகும் ஒரு எண்ணில் இருந்தது.

அந்தக் கோவிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

முதலில் அது ஒரு மண்சுவர்க் கூரைக் கோவில். அந்த மண்சுவரில் ஒரு துண்டு இன்னும் பீடத்துக்குப் பின்னால் இருக்கிறது. மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் பூசி மூடியிருக்கிறார்கள். தட்டினால் மட்டும் சத்தம் மாறும். அப்புறம் பன்னிரண்டு தூண்கள் வைத்துப் பெரிய கோவில் கட்டினார்கள். கடைசியாக, வாசலுக்கு மேலே சதுர மணிக்கூண்டு. தரையில் சுவரின் கனம் மூன்றரை அடி. ஒவ்வொரு மாடிக்கும் அரைச் செங்கல் உள்ளே வாங்கி, ஐம்பத்திரண்டு அடி உயரத்தில் மணி தொங்குகிறது.

முப்பது அடிவரைக்கும் அந்த வேலையைப் பார்த்து எனக்கு மூச்சே நின்றுவிட்டது. செங்கல்லுக்குச் செங்கல் நடுவே நகம் நுழையாது. முப்பது அடிக்கு மேலே ஒரே அலங்கோலம். சுண்ணாம்பு வழிந்து அப்படியே காய்ந்திருக்கிறது. கீழே கட்டியவன் ஒரு ஆள், மேலே கட்டியவன் வேறு ஆள்.

காரணம் கோவில் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. காலையிலேயே படித்திருந்தேன். கீழே கட்டியவரை ஊரில் நூல் கொத்தனார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்காமல் ஒரு செங்கல் வைக்கமாட்டாராம். தூக்குக்குண்டு என்பது வேறொன்றுமில்லை, நூலில் கட்டிய இரும்புக் குண்டு. அது நேராகத் தொங்கும். சுவர் அதோடு ஒத்துப் போகிறதா என்று பார்ப்பார்கள். முப்பது அடி எழும்பியதும் கோவில் மேற்பார்வையாளர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். 'மணிக்கூண்டு பதினொரு அங்குலம் சரிந்திருக்கிறது.' அதைச் சாமியார் பூசையில் எல்லோர் முன்னாலும் வாசித்தார். கொத்தனாரை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரின் மைத்துனரை வைத்து மீதியைக் கட்டினார்கள்.

மூன்றாவது வாரம் நூல் கொத்தனார் மணிக்கூண்டின் அடியில் செத்துக் கிடந்தார். கையில் தூக்குக்குண்டு இருந்ததாம். கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கவில்லை.

சரிந்த கூண்டு என்றால் அதற்கு மேல் எவனாவது இருபத்திரண்டு அடி கட்டுவானா? யாருக்குக் காது குத்துகிறார்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. பக்கத்தைத் திருப்பினேன். நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், இன்னொருவர் கையெழுத்தில் அதே வரி. 'சரிவு: பதினொரு அங்குலம்.'

மத்தியானம் மூன்று நாற்பதுக்கு மறுபடியும் கோவிலுக்குப் போனேன். மணிக்காரர் சாவியோடு நின்றார். அறுபது வயதிருக்கும். இடது பக்கம் அப்படியே சாய்ந்து நடப்பார். காலமெல்லாம் மணிக்கயிறு இழுத்தவர், உடம்பு கோணிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"தனியாவா அளக்கப் போறீங்க?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்லம்மா. குண்டு ஆடாம நிக்கிற வரைக்கும் எதையும் எழுதிடாதீங்க."

எனக்கே பாடமா என்று உள்ளுக்குள் சிரித்தேன். பொறுமையாக நிற்கத் தெரியாதவள் இந்தத் தொழிலுக்கு வரமுடியாது.

பூசை உடுப்புகள் வைக்கும் அறையில் ஒரு பழைய போட்டோ. கோவில் திறப்பு அன்று எடுத்தது. பதினான்கு ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். சட்டம் கோணலாக இருக்கிறது என்று கை வைத்து நேராக்கப் போனேன்.

சட்டம் நேராகத்தான் இருந்தது. நடுவில் நின்ற ஒரு ஆள்தான் சாய்ந்திருந்தார்.

நாலு மணிக்குள் மேலே ஏறி மணிச்சட்டத்தின் நடுவில் தூக்குக்குண்டின் கம்பியைக் கட்டினேன். ஒவ்வொரு மாடித் தரையிலும் நடுவில் ஒரு துவாரம் இருக்கிறது, மணிக்கயிறு இறங்குவதற்காக. அன்று கயிற்றைச் சுருட்டி மேலே வைத்திருந்தார்கள். அந்த வழியாகக் குண்டை இறக்கினேன். கீழே வந்து, ஒரு வாளித் தண்ணீருக்குள் குண்டு முங்கும்படி வைத்தேன். தண்ணீரில் இருந்தால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும். இருபது நிமிஷம் போதும்.

நாலு பத்து. ஆடிக்கொண்டிருந்தது.

நாலரை. ஆடிக்கொண்டிருந்தது.

ஐந்து மணி. இன்னும் அதே ஆட்டம். ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தேன், காற்றே கிடையாது. குனிந்து வாளியைப் பார்த்தேன். குண்டு தண்ணீருக்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் வந்துகொண்டிருந்தது. ஆனால் தண்ணீரில் ஒரு சின்ன அலைகூட இல்லை.

போன் அடித்தது. அத்தான்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"குண்டு நிக்கல அத்தான்."

"அதெல்லாம் எதுக்கு? புத்தகத்துலயே பதினொன்னுன்னு இருக்கே. அதையே எழுதிடு."

"கூண்டு நேரா இருக்கற மாதிரிதான் தெரியுது."

"உன்ன இந்த வேலையில கொண்டுவந்து விட்டது யாரு? ஒரு நம்பர் எழுதச் சொன்னா இவ்வளவு பேசற. உங்க அக்கா ரெண்டு மாசமா தூங்கல, தெரியுமா? இந்த வேலை கைய விட்டுப் போனா நாங்க தெருவுலதான்."

வைத்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவர்மேல், அந்தக் குண்டுமேல், அக்காவை இழுத்துப் பேசினால் வாயடைத்துப் போகிற என்மேல். எங்கள் தொழிலில் பென்சிலால்தான் எழுதுவோம், மழையில் நனைந்தாலும் போகாது. தப்பாக எழுதினால் அழிக்கக்கூடாது, கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். நான் ரப்பரே வைத்துக்கொள்வதில்லை. பென்சிலை எடுத்தேன். ஐந்து ஏழுக்கு, குண்டு ஆடிக்கொண்டிருக்கும்போதே எழுதினேன்.

சரிவு: பதினொரு அங்குலம். கீழே என் கையெழுத்து.

குண்டு நின்றது.

ஆட்டம் குறைந்து குறைந்து நிற்கவில்லை. பட்டென்று நின்றது. யாரோ கையில் பிடித்தது மாதிரி.

முதலில் வாசனைதான் வந்தது. ஈரச் சுண்ணாம்பு. அந்தக் கட்டடத்தில் சுண்ணாம்பு குழைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

அப்புறம் சத்தம்.

டக்... டக்... டக்.

மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் மூன்று. எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். செங்கல்லை வைத்துக் கொத்துக் கரண்டியின் பிடியால் தட்டி உட்கார வைக்கும் சத்தம். முப்பது அடி உயரத்தில் கேட்டது.

"மணிக்காரரே... நீங்களா?"

வெளியே வாசல் பெருக்கும் சத்தம் கேட்டது. பெருக்கிக்கொண்டிருந்தது அவர்தான்.

டக்... டக்... டக்.

இப்போது இருபது அடியில்.

கம்பியைப் பார்த்தேன். தூக்குக் கம்பி நேராகத்தான் தொங்கும். உலகத்தில் வேறு எதை நம்பாவிட்டாலும் அதை நம்பித்தான் நான் பிழைக்கிறேன். அந்தக் கம்பி சரிந்து நின்றது. மேலே நடுவில் இருந்தது. கீழே வரவர இடது பக்கம் போயிருந்தது. குண்டு வாளியின் விளிம்பைத் தாண்டி, அந்தரத்தில், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிய நின்றது.

அளக்கத் தேவையே இல்லை. பார்த்ததும் தெரிந்தது. பதினொரு அங்குலம்.

பென்சில் கையிலிருந்து விழுந்தது. தரை மட்டமான கல் தரை. காலையில் நானே ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். பென்சில் இடது பக்கமாக உருண்டது. நிற்காமல் உருண்டு சுவரில் போய் முட்டியது.

கதவுக்கு ஓடினேன்.

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மோதினேன்.

மறுபடியும் கதவைப் பார்த்து நேராக நடந்தேன். மறுபடியும் சுவர். கால் நேராகத்தான் போனது, உடம்பு இடது பக்கம் போனது. தோள்மேல் ஒரு கை... இல்லை, கையைப் பார்க்கவில்லை. பார்த்ததை மட்டும்தான் சொல்வேன் என்று சொன்னேனே. கனம் இருந்தது. ஈரம் இருந்தது. கீழே கீழே அமுக்கியது.

டக்... டக்... டக்.

என் தலைக்கு மேலே.

முகம் சுவரோடு ஒட்டியிருந்தது. செங்கல் குளிர்ந்திருந்தது. கழுத்து மடிந்து மடிந்து காது தோளைத் தொட்டது. எலும்பு ஒன்று நெறிபட்டது. கத்த வாயைத் திறந்தேன். வாய்க்குள் சுண்ணாம்பின் காரம்...

அது என்னைப் பயமுறுத்த வரவில்லை. அது அப்போதே எனக்குப் புரிந்தது. அதற்கு என்மேல் கோபம். நூற்றி முப்பது வருஷமாக ஆறாத கோபம். நான் பொய் எழுதினேன். நூல் கொத்தனார் கட்டின சுவரைப் பற்றி, அவர் கண்ணெதிரிலேயே எழுதினேன்.

"தப்புதான்..." என்றேன். "தப்புதான். அளக்கறேன். அளந்து எழுதறேன்."

தட்டுச் சத்தம் நின்றது.

தவழ்ந்து போனேன். பென்சிலை எடுத்தேன். வாளியை நகர்த்தினேன். அப்போதுதான் பார்த்தேன். வாளி இருந்த இடத்தில், தரைக்கல்லின் நடுவில், விரல் நுனி அளவுக்கு ஒரு குழி. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு செதுக்கியிருந்தது. கூண்டின் நடுப்புள்ளி. முதல் நாள் அவர் வெட்டி வைத்த அடையாளம். தினமும் மேலிருந்து குண்டை இறக்கி இதோடு சரிபார்த்திருக்கிறார்.

கம்பி மெல்ல நேரானது. குண்டு வந்து நின்றது. குழிக்கு நேர் மேலே. ஒரு மயிரிழை பிசகவில்லை.

பதினொன்றைக் கோடு போட்டு அடித்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை அடித்தேன். பக்கத்தில் எழுதினேன். சரிவு: பூஜ்யம்.

மணி ஐந்து ஐம்பத்தெட்டு. கதவு தானாகவே கைக்கு வந்தது. வெளியே மணிக்காரர் மாலை மணிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். கம்பியைச் சுருட்டும்போது நெஞ்சு உயரத்தில் ஒரு இடத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டேன், ஈரச் சுண்ணாம்பு.

ஆறரைக்கு அத்தான் காரில் வந்தார். நோட்டைக் காட்டினேன்.

"பூஜ்யமா? உனக்கென்ன பைத்தியமா?"

"அத்தான், வேண்டாம். சொன்னாக் கேளுங்க. அங்க யாரோ..."

"யாரோவா? பேய்க் கதையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். இப்ப அந்த நோட்டக் குடு."

பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடியிருக்கலாம். பேரவையில் எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். எனக்குக் காலே வரவில்லை. ஏழு இருபதுக்கு முடிவாகிவிட்டது என்று செய்தி வந்தது. அத்தானே மையில் சான்று எழுதி, கையெழுத்துப் போட்டு, என் நோட்டுப் பக்கத்தையும் அதோடு சேர்த்துக் கோவில் புத்தகத்தில் ஒட்டினாராம். பதினொரு அங்குலம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அக்கா போன் செய்தாள்.

"ஏய்... உங்க அத்தானால நேரா நிக்க முடியலடி. பிடிச்சு நிறுத்தினாலும் ஒரு பக்கமா சாயறார். சீக்கிரம் வா."

போனேன். இடது பக்கம் மடிந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் எடுத்தார்கள். மூளை சுத்தம், முதுகெலும்பு சுத்தம், நரம்பு சுத்தம். மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. 'நல்லா வேணும்' என்று மனசின் ஒரு மூலையில் தோன்றியதையும் மறைக்கப் போவதில்லை.

அக்கா மருந்து வாங்கப் போன நேரத்தில் அவரைச் சுவரோரம் நிற்க வைத்தேன். பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து உச்சந்தலையிலிருந்து தொங்கவிட்டேன். குண்டு ஆடி நிற்கும் வரை காத்திருந்தேன். குதிகாலிலிருந்து அளந்தேன்.

எத்தனை என்று நீங்களே சொல்வீர்கள்.

மூன்று வாரம் கழித்து மணிக்காரரைப் பார்க்கப் போனேன். கோவிலை இன்னும் இடிக்கவில்லை. இடிக்க வேண்டியவர் எழுந்து நிற்க வேண்டுமே. அந்தப் போட்டோவைக் காட்டிக் கேட்டேன். நடுவில் சாய்ந்து நிற்பவர் யார் என்று.

"அந்தக் காலத்து மேற்பார்வையாளர்ம்மா. சீட்டு எழுதிக் குடுத்த மறுநாள்லேர்ந்து அப்படியேதான் இருந்தாராம்."

"நீங்க..."

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால, பழுது பாக்கறதுக்கு ஒரு கணக்கு கேட்டாங்க. மேல ஏறச் சோம்பல்பட்டு, பழைய புத்தகத்தப் பாத்து எழுதிட்டேன். தெரிஞ்சே எழுதினவங்களுக்கு ஒரே ராத்திரி. எனக்கு இப்படிச் சாய ஒன்பது வருஷம் ஆச்சு."

"அடிச்சுத் திருத்தி எழுதியிருக்கலாமே?"

"எழுதினேன்ம்மா." சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு இல்லை. "மறுநாள் பாத்தா அடிச்ச கோட்டக் காணோம்."

அலமாரியைத் திறந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் அத்தானின் சான்று. அதற்குக் கீழே ஒட்டியிருந்தது என் நோட்டுப் பக்கம். என் பென்சில், என் எழுத்து, என் கையெழுத்து.

சரிவு: பதினொரு அங்குலம்.

கோடு இல்லை. பூஜ்யம் இல்லை. இரண்டு தடவை அழுத்தி அடித்தேனே, அந்தப் பள்ளம்கூடத் தாளில் இல்லை.

அங்கேயே நின்று அத்தானுக்குப் போன் செய்தேன். "என் கோட்டை ஏன் அழிச்சீங்க?"

குழறிக் குழறித்தான் பேசினார். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"சத்தியமா நான் அழிக்கலம்மா. அழிக்கணும்னுதான் எடுத்தேன். பக்கத்தத் திருப்பினா... கோடே இல்ல."

தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். கோடு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தடம். கட்டைவிரல் அகலம். காய்ந்த சுண்ணாம்பு.

மணிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை இல்லை. தோளை.

"எனக்கும் முதல்ல அங்கதாம்மா ஆரம்பிச்சுது" என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் என் வீட்டு நிலைக்கதவில் தூக்குக்குண்டைக் கட்டி, அதன் பக்கத்தில் நின்று அளக்கிறேன். குண்டு ஆடி நின்ற பிறகுதான் எழுதுகிறேன். பார்த்ததை மட்டும்தான் எழுதுகிறேன். முதல் நாள் கால் அங்குலம். போன மாதம் அரை அங்குலம்.

இன்று காலை ஒன்றே கால்.